புகை விட்டதற்குச் சான்று

அவள் புகையை விட்டு அன்றைக்கு நாற்பத்து மூன்று நாள். இது அவளுக்குத் தெரியும், அவளுடைய நுரையீரலுக்குத் தெரியும், தையல் கடைக்குப் பின்னால் குழாயடியில் கவிழ்த்துக் கிடந்த வாளிக்கும் தெரியும். இருபது வருஷமாக அந்த வாளியின்மேல் உட்கார்ந்துதான் அவள் பிடித்தாள். தெரியாதது அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

தெருவில் அவளை எல்லோரும் காஜாக்கா என்று கூப்பிட்டார்கள். சட்டைக்குப் பொத்தான் நுழைகிற துளை, அதாவது காஜா, கையால் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் கனத்த கோட்டுத் துணியை வெட்டும்போது கத்தரி நழுவி, அதைப் பிடிக்கப்போன வலது கட்டைவிரல் அடியில் இறங்கிவிட்டது. மேல்காயம் பத்து நாளில் ஆறியது. விரல்தான் மடங்க மறுத்தது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாருக்கோ சபாஷ் சொல்வதுபோல் விறைத்து நின்றது. பால்காரர் விலையை ஏற்றியிருப்பதாகச் சொன்னபோதுகூட அது சம்மதம் தெரிவித்தது.

டாக்டரம்மா அந்த விரலின் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தாள். நகம் வெளுத்தது. சிவப்பு திரும்பி வர, நிதானமாக நாலு எண்ணும் நேரம் பிடித்தது.

"எத்தனை பிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

காஜாக்கா கூட வந்திருந்த நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சுவரிலிருந்த எலும்புக்கூட்டின் பாதத்தைப் பார்த்தாள். புருஷன் உள்பட வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. அவள் புதினா மென்றுகொண்டு வருவாள். அவர்கள் புதினா வாசனை நன்றாயிருக்கிறது என்பார்கள். இருபது வருஷம் அப்படி ஓடிவிட்டது.

"நாளைக்கு ஏழு," என்றாள்.

"விரலுக்குப் போற ரத்தக்குழாய் தலைமுடி கனம்தான். நிக்கோடின் உள்ள போனா அது சுருங்கிக்கும். விரலை மடக்கற தசைநாண் அறுந்திருக்கு. நான் மணிக்கட்டுலேருந்து வேற ஒரு நாணை எடுத்து இங்க வெச்சுத் தைக்கணும். ரத்தம் வராத இடத்துல தையல் பிடிக்காது. நீங்களே சொல்லுங்க, மக்கிப்போன துணியில ஊசி நிக்குமா?"

தொழில் தெரிந்தவள் பேச்சு தொழில் தெரிந்தவளுக்குப் புரிந்தது. அன்றைக்கே விட்டாள். நாற்பது நாள் சுத்தமாக இருந்தால் ஆபரேஷன் என்று டாக்டரம்மா ஒரு வியாழக்கிழமையைக் குறித்தாள். அந்த வியாழக்கிழமை தவறினால் அடுத்த தேதி ஏழு மாதம் கழித்துத்தான். அதற்குள் அறுந்த நாண் சுருங்கி உள்ளே போய்விடும். விரல் ஆயுசுக்கும் சபாஷ் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆபரேஷன் வாரத்துத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்றார்கள். புகையை விட்டதற்கு அரசாங்கச் சான்று.

"எனக்கு உங்க வார்த்தை போதும். ஆஸ்பத்திரிக்குப் போதாது," என்றாள் டாக்டரம்மா.

"ரத்தத்தை எடுத்துப் பாத்தாத் தெரியாதா?"

"தெரியும். வியாழக்கிழமை காலையில பாக்கத்தான் போறோம். ஆனா ரத்தத்துல சீல் கிடையாதே."

புகைவிடுவோர் நலத்துறை நாலு மாடிக் கட்டடம். வாசலில் பெரிய பலகை: 'புகை விடுங்கள்! நலமாய் வாழுங்கள்!' அதன் அடியில் ஏழெட்டுப் பேர் சொன்னபடி நின்று, முகத்தை மேலே தூக்கி, புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையின் கீழ்ப்பாதி மஞ்சளாகியிருந்தது. காஜாக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கடந்தாள். நாத்தனார் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவள். யாரைப் பார்த்தாலும் முதலில் பாதத்தைத்தான் பார்ப்பாள். அவள் காவலாளியின் கால்களைக் கவனித்துவிட்டு, "பத்து நம்பர். நின்ன இடத்துலயே நின்னு அகலமாயிருக்கு. உள்ள வேலை சீக்கிரம் முடியாது அண்ணி," என்றாள்.

முதல் ஜன்னலில் ஒரு குமாஸ்தா படிவத்தோடு காத்திருந்தார்.

"புகை விடுறவங்களா?"

"விட்டுட்டேங்க."

"எப்ப விட்டீங்க?"

"நாப்பத்து மூணு நாள் ஆச்சு."

எழுதிக்கொண்டார். "அதுக்கப்புறம் விடலையா?"

"ஒரு தடவைதானேங்க விட முடியும்?"

பேனா நின்றது. "வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் விட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. இருபது வருஷமாப் பிடிச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மரியாதையோடு பார்த்தார். "இருபது வருஷமா உள்ளயே பிடிச்சு வெச்சிருந்து, நாப்பத்து மூணு நாள் முன்னாடிதான் வெளிய விட்டீங்களா?"

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூண் பக்கம் திரும்பினாள். தூண் குலுங்குவதுபோல் இருந்தது.

குமாஸ்தாவைக் குறை சொல்ல முடியாது. துறையின் பெயரே அப்படி. புகையைக் கைவிடுகிறவர்களுக்கு உதவத்தான் அது தொடங்கப்பட்டது என்று இரண்டாம் மாடி சொன்னது. புகையை ஊதி விடுகிறவர்களின் நலனுக்காகத்தான் என்று முதல் மாடி சொன்னது. இரண்டு மாடிக்கும் தனித்தனி முத்திரை, தனித்தனி மை. இதைத் தீர்க்க 'விடு' என்ற சொல்லின் பொருளை ஆராயும் குழு ஒன்று மூன்றாம் மாடியில் பதினோரு வருஷமாகக் கூடிவந்தது. அதன் இடைக்கால அறிக்கை, அந்தச் சொல் ஆழமானது என்பதோடு முடிந்தது. குழுத் தலைவர் பதவியை விட்டபோது, அவர் எந்தப் பொருளில் விட்டார் என்று கேட்டு அவருடைய ஓய்வுக் கோப்பு திரும்பி வந்திருந்தது.

காஜாக்கா விளக்கினாள். விரலைக் காட்டி விளக்கினாள். விறைத்து நின்ற கட்டைவிரலைப் பார்த்ததும் குமாஸ்தா 'விண்ணப்பதாரர் சம்மதித்தார்' என்று எழுதிக்கொண்டார். எதற்கு என்று எழுதவில்லை. அந்தப் பத்தியில் இடம் இல்லை.

"ஒரு சிக்கல் இருக்கும்மா. பிடிக்கும்போது நீங்க பதிவு பண்ணலை. எங்க கணக்குப்படி நீங்க பிடிச்சதே இல்லை. பிடிக்காதவங்க விட முடியாது. முதல்ல புகைப்பாளர் அட்டை வாங்கிட்டு வாங்க."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"பெரிசா ஒண்ணுமில்லை. செய்முறைத் தேர்வு. அதிகாரி முன்னால ஒண்ணு பிடிச்சுக் காட்டணும்."

நாற்பத்து மூன்று நாள் என்பது நாற்பத்து மூன்று நாள் அல்ல. அது அவளுக்குத்தான் தெரியும். முதல் வாரம் கை ஊசியைத் தேடாமல் பெட்டியைத் தேடியது. இரண்டாம் வாரம் சோற்றுக்கு ருசி திரும்பிவந்து, இத்தனை நாள் எவ்வளவு உப்புப் போட்டுச் சமைத்திருக்கிறோம் என்று தெரிந்து வெட்கப்பட்டாள். மூன்றாம் வாரம் ஒரு மாடிப்படியை மூச்சிரைக்காமல் ஏறி, நம்பாமல் இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள். அத்தனையையும் ஒரு அட்டைக்காக ஊதிவிட முடியுமா?

"முடியாது," என்றாள். விரல் முடியும் என்றது.

நாத்தனார் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். அவளுக்கு எந்தத் தாளையும் பின்பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம். "இங்க பாருங்க. 'விண்ணப்பதாரர் அல்லது அவர் சார்பில்'னு போட்டிருக்கு. அண்ணிக்குப் பதிலா நான் பிடிக்கிறேன்."

"நீயா? கற்பூரம் ஏத்தினாலே தும்முவியேடி."

"நீ இருபது வருஷம் பிடிச்சே. நான் ஒரு நாள் பிடிச்சாக் குறைஞ்சா போயிடும்?"

செய்முறைக் கூடம் முதல் மாடிக் கோடியில் இருந்தது. தேர்வாளர் ஒரு ஒல்லியான அம்மாள். பற்றவைத்தல், உள்ளிழுத்தல், சாம்பல் தட்டும் நேர்த்தி என்று பட்டியல் வைத்திருந்தாள். நாத்தனார் பஞ்சு இருக்கும் முனையைப் பற்றவைத்தாள். தேர்வாளர் 'தனித்தன்மை' என்று குறித்துக்கொண்டாள். இரண்டாவது சிகரெட்டைச் சரியான முனையில் பற்றவைத்து ஒரே ஓர் இழுப்பு இழுத்ததும் நாத்தனாருக்குக் கண் பிதுங்கி, இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேஜைமேல் இருந்த தாள்கள் பறந்தன.

"இருமல் ரொம்ப இயல்பா வந்திருக்கு. நிறையப் பேருக்கு நடிக்கத் தெரியாது," என்றாள் தேர்வாளர்.

காஜாக்கா ஜன்னலுக்கு ஓடியிருந்தாள். அந்த வாசனை மூக்கில் பட்டதுமே உள்ளே படுத்திருந்த ஏதோ ஒன்று காதை விறைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. அவள் அதனோடு பேச்சுக் கொடுக்கவில்லை. பேச்சுக் கொடுத்தால் நியாயம் பேசும் என்று தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தின் கொடியில் காய்ந்த சட்டைகளின் பொத்தான்களை எண்ணினாள். நாற்பத்தொன்று எண்ணியபோது அது மறுபடி படுத்துக்கொண்டது.

"உங்க அண்ணியும் பாராட்டறாங்க," என்று தேர்வாளர் கம்பியில் விறைத்திருந்த விரலைக் காட்டி, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டாள்.

வெளியே வந்து பெஞ்சில் சாய்ந்த நாத்தனார், "தலை சுத்துது அண்ணி. நெஞ்சு தடதடன்னு அடிக்குது, கையெல்லாம் வேர்க்குது. இதையா தினம் ஏழு தடவை போய்ப் பண்ணிட்டு வந்தே?" என்று கேட்டாள். அட்டை வந்தது. அதில் நாத்தனாரின் இருமல் முகப் புகைப்படமும் காஜாக்காவின் கையெழுத்தும் இருந்தன. இரண்டும் பொருந்துவதாக ஒருவர் கையொப்பமிட்டிருந்தார்.

மறுநாள் செவ்வாய், இரண்டாம் மாடி. அங்கே எரிச்சல் சரிபார்ப்பு. புகையை விட்டவர்களுக்கு எரிச்சல் வரும், அது வந்ததா என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். எரிச்சல் அலுவலர் பூப்போல் மெதுவாகப் பேசும் மனிதர். அவரைப் பார்க்க அவள் மூன்றரை மணி நேரம் காத்திருந்தாள். நடுவில் இரண்டு முறை டோக்கனை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு முறை அவளைக் கூப்பிட்டு, கூப்பிடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

"எரிச்சலா இருக்கா?" என்று அலுவலர் கனிவாகக் கேட்டார்.

"இருக்கு."

"ரொம்ப நல்லது. இது நிக்கோடின் எரிச்சலா, அலுவலக எரிச்சலா? நாங்க முதல் வகையைத்தான் ஏத்துக்க முடியும். ரெண்டாவது எல்லாருக்கும் வருது."

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வாய் வந்து, ஏனோ திரும்பிப் போய்விட்டது. காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவளை யாராவது கேட்ட முதல் உண்மையான கேள்வியாக அது இருந்தது.

"எனக்குப் புகை மேல ஏக்கம் இல்லீங்க. குழாயடியில ஒரு வாளி இருக்கு. அதுல போய் உக்காந்தா பத்து நிமிஷம் யாரும் கூப்பிட மாட்டாங்க. அளவு எடு, சாப்பாடு போடு, பித்தான் தை, ஒண்ணும் கிடையாது. நான் அங்க என்ன பண்றேன்னு தெரியாத மாதிரி வீட்டுல நடிக்கணும்னா, கூப்பிடாம இருந்துதானே ஆகணும்? சிகரெட்டை விட்டதும் அந்தப் பத்து நிமிஷமும் போயிடுச்சு. சும்மா போய் உக்காந்தா, 'சும்மாதானே இருக்கே'ன்னு கூப்பிடறாங்க. அந்த எரிச்சல்தான்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு படிவத்தை மேலும் கீழும் தேடினார்.

"பத்து நிமிஷத்துக்குக் கட்டம் இல்லீங்களே," என்றார் உண்மையான வருத்தத்தோடு. அவராகவே ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து, அதில் ஒரு சரி போட்டு, எட்டு மதிப்பெண் கொடுத்தார்.

நாத்தனார் அன்று பஸ்ஸில் யார் பாதத்தையும் பார்க்கவில்லை. காஜாக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை நாலாம் மாடி. இனி துணை இயக்குநரின் கையெழுத்துதான் பாக்கி. அவர் அகலமான மேஜைக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டில் இருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒரு விழாவில் பேசப் போகிறவர். பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களிடமே ஒத்திகை பார்த்தார்.

"இந்தத் துறை வந்த நாள்லேருந்து பதிவு பெற்ற புகைப்பாளர் எண்ணிக்கை ஒரு வருஷம்கூடக் குறைஞ்சதில்லை. குறைய விட்டதில்லை. குறைஞ்சா எங்க பிரிவுகளை மூடிடுவாங்க, அப்புறம் மக்களுக்கு யார் உதவுறது? எங்களுக்குப் பெரிய தலைவலி உங்களை மாதிரி ஆளுங்கதான். திடீர்னு ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம தானாவே விட்டுடறீங்க. அனுமதி இல்லாம ஆரோக்கியமாயிடறீங்க."

"தெரியாமப் பண்ணிட்டேன் சார்," என்றாள் காஜாக்கா.

"சரி, முதல் தடவைங்கறதால விடறேன்." அவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள். "எல்லாம் சரியா இருக்கு. ஒட்டு மட்டும் போட்டுக்கணும். நிக்கோடின் ஒட்டு. புஜத்துல ஒட்டினாப் போதும், தோல் வழியா உள்ள போயிடும்."

விட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு அது நல்ல துணை என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தாள். ஆனால் இந்த விரலுக்கு எந்த வழியிலும் நிக்கோடின் ஆகாது என்றும் சொல்லியிருந்தாள்.

"நாளைக்குக் காலையில ரத்தம் பாப்பாங்க சார். அதுல நிக்கோடின் இருந்தா ஆபரேஷன் இல்லை. நான்தான் விட்டுட்டேனே, எனக்கு எதுக்கு?"

"விட்டவங்களுக்குத்தானேம்மா நிக்கோடின் கொடுக்க முடியும்? விடாதவங்ககிட்டத்தான் ஏற்கனவே இருக்கே." அவர் பொறுமையாகச் சொன்னார். "விதி இருக்கு. ஒட்டு இல்லாம சான்று இல்லை."

நாத்தனார் மேஜைக்கு அடியில் அவருடைய ஷூவைப் பார்த்துவிட்டு, "ஏழு நம்பர் காலுக்கு எட்டு போட்டிருக்கார்," என்று முணுமுணுத்தாள். காஜாக்கா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்ததிலிருந்தே அவள் கண் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டின் இடது பை மூடிமேல் அவர் ஒரு கோப்பினை அணைத்துப் பிடித்திருந்தார். அலமாரியைத் திறந்தபோது கோப்பு விலகியது. அங்கே பட்டாணி அளவு ஓட்டை. விளிம்பு கறுத்துச் சுருண்டிருந்தது. எலி கடித்தால் அப்படி இருக்காது. கிழிசலும் அப்படி இருக்காது. நெருப்புப் பட்ட கம்பளித் துணி மட்டும்தான் அப்படிச் சுருளும்.

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். கோப்பு அவசரமாகத் திரும்பி வந்தது.

"விழாவுல போட்டோ எடுப்பாங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

அவர் குரலை இறக்கி, "நீங்க தையல் வேலை பாக்கறதாத்தானே படிவத்துல இருக்கு?" என்றார்.

அவர் கழற்றிக் கொடுத்த கோட்டின் உள்மடிப்பிலிருந்து காஜாக்கா ஒரு துண்டு வெட்டினாள். நாத்தனார் ஊசி கோத்துக் கொடுத்தாள். கட்டைவிரல் வானத்தைப் பார்த்து நிற்க, ஊசியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, குறடு பிடித்ததுபோல் தைத்தாள். வழக்கமாக நாலு நிமிஷ வேலை. இருபத்தைந்து நிமிஷமானது. இரண்டு முறை ஊசி அவளைக் குத்தியது. இனி ஆயுசுக்கும் இப்படித்தானோ என்று ஒரு பயம் நூலோடு கூடவே ஓடி வந்தது. கடைசித் தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஓட்டை இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

துணை இயக்குநர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்தார்.

"சார், அந்த விதியை அப்படியே ஒரு தடவை வாசிங்களேன்," என்றாள் காஜாக்கா.

அவர் வாசித்தார். "'சான்று கோரும் விண்ணப்பதாரர், அலுவலர் முன்னிலையில் ஒட்டுப் போட்டிருக்க வேண்டும்.'"

"போட்டாச்சே சார்."

அவர் விதியை மறுபடி வாசித்தார். விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். எங்கே போட வேண்டும் என்றோ, எதன்மேல் என்றோ அதில் இல்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. ஒரு விதி மீறப்படாமல் காப்பாற்றப்பட்டுவிட்டதைப் பார்க்கும் அதிகாரியின் வெளிச்சம் அது.

"அலுவலர் முன்னிலை. நான்தான் இருந்தேன். ஒட்டு. போட்டீங்க," என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்தார்கள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் குமாஸ்தா சான்றை உரக்கப் படித்தார். "'மேற்படியார் உரிய முறையில் புகை விட்டவர்.' புகை விடறவங்களுக்கு ஆபரேஷன் கிடையாதும்மா. இதுல தெளிவாப் போட்டிருக்கே."

காஜாக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா உள்ளிருந்து வந்துவிட்டாள். அவள் சான்றைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரலைப் பிடித்து நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம், "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் ரோஜா நிறமாகிவிட்டது. "ரத்தமும் சுத்தமா இருக்கு. இதுக்கு மேல என்ன சீல் வேணும்?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

குமாஸ்தா அந்த நகத்தையே பார்த்தார். பிறகு யாரும் பார்க்காததுபோல் தன் நகத்தை அழுத்தி விட்டு, உதடு அசையாமல் எண்ணினார். நாலுவரை எண்ணினார். இன்னொரு விரலில் எண்ணினார். சட்டைப் பையிலிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.

மூன்று மாதம் பயிற்சி. முதலில் விரல் நடுங்கியது, பிறகு தலையசைத்தது, ஒரு நாள் மடங்கியது. பால்காரர் மறுபடி விலையை ஏற்றியபோது காஜாக்கா விரலை மடக்கிக்கொண்டு முடியாது என்றாள். அவர் திகைத்துப் போனார். குழாயடியில் வாளி அங்கேயே இருந்தது. தினம் பத்து நிமிஷம் அவள் அதில் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து யாராவது கூப்பிட்டால், வாசலில் நின்ற நாத்தனார், "அண்ணி வேலையா இருக்கா," என்றாள்.

அப்படி ஒரு நாள் அவள் எழுந்து வரும்போது கடையில் துணை இயக்குநர் நின்றிருந்தார். கையில் சாம்பல் நிறக் கோட்டு. அவள் போட்ட ஒட்டு அசையாமல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு பட்டாணி அளவு ஓட்டை, விளிம்பு கறுத்து.

அவள் கோட்டை வாங்கி, கட்டைவிரலை மடக்கித் துணியை இறுக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எப்ப சார் விடப் போறீங்க?" என்று கேட்டாள்.

"இப்பதாம்மா," என்றார் அவர் நிம்மதியாக. "வாசல்ல நின்னு விட்டுட்டுத்தான் உள்ளயே வந்தேன்."